நாற்காலிச் சம்பந்தி

எங்கள் தீவின் பாலேமோவா ஊரில் பெனிசிமானி எடுக்காத படமும் இல்லை, பெனிசிமானி இருக்கிற படமும் இல்லை. ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம், புதுத் தண்ணீர்த் தொட்டித் திறப்பு என்று எதுவாக இருந்தாலும் கேமரா முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார். ஊரில் எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் அவர் எடுத்த படம்தான் தொங்கும். அந்தச் சுவர்களை மட்டும் நம்பி யாராவது குடிக்கணக்கு எடுத்தால், பெனிசிமானி என்று ஒருவர் பிறக்கவே இல்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

பிழைப்புக்கு அவர் துறையில் கப்பல் கயிறு கட்டுபவர். கப்பல் வருகிற நாளில்தான் அந்த வேலை. வராத நாளெல்லாம் அவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று இந்தப் படம் எடுப்பது. மற்றொன்று ட்யூபா. தேவாலய பேண்டில் எல்லோருக்கும் பின்னால் நின்று அடிவயிற்றிலிருந்து பூம், பூம் என்று முழங்குமே, அந்தப் பெரிய பித்தளைக் குழல். நன்றாக ஊதுவாரா என்று என்னைக் கேட்காதீர்கள். சத்தமாக ஊதுவார்.

வீட்டில் ஊத அவர் மனைவி கலோ விடுவதில்லை. "நீங்க ஊதுனா ஷெல்ஃபுல இருக்குற தட்டெல்லாம் தானா நடந்து வந்து விளிம்புல நிக்குது. போங்க, வள்ளிக்கிழங்கு கேக்கட்டும்" என்று தோட்டத்துக்கு விரட்டிவிடுவாள். அவரும் ட்யூபாவைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், அங்கே ஊதிப் பழகிவிட்டு, களைத்துப்போய் நாலு தேங்காயை உடைத்துப் பன்றிகளுக்குப் போடுவார். பன்றிகளுக்கு இது போதாதா? ட்யூபா கேட்டால் தேங்காய் வரும் என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டன. போன கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் எங்கள் பேண்டுக்குப் பின்னால் ஊர்ப் பன்றிகள் அத்தனையும் வந்தன. மனிதர்களைவிட அவைதான் ஒழுங்காக வரிசையில் வந்தன என்று போதகர் பிரசங்கத்திலேயே சொல்லிக் காட்டினார்.

படம் எடுப்பதில் ஆள் கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. யாரை நிறுத்தினாலும் "தாடைய கொஞ்சம் எறக்குங்க" என்பார். இறக்கினால் அவலட்சணமும் லட்சணமாகிவிடும். ஒருமுறை பழக்க தோஷத்தில் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தவரிடமும் அதைச் சொல்லிவிட்டார். செத்தவரின் தம்பி குனிந்து அண்ணன் தாடையை இறக்கிவிட்டார். படம் அருமையாக வந்தது.

இந்த இரண்டு பைத்தியமும் மோதிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. அதுதான் பேண்ட் படம். எல்லோரும் வரிசையாக நிற்கும்போது பெனி கேமராவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவர் இடம் காலியாக இருந்தால் பல்லு போன மாதிரி இருக்கிறது என்று, அங்கே ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் ட்யூபாவை உட்கார வைத்து, ட்யூபாவின் தலையில் அவர் தொப்பியையும் மாட்டிவிடுவார்கள். வருடா வருடம் இப்படித்தான்.

வேறு யாராவது எடுக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கூடாது. ஏன் என்றால், மெலியாமே அத்தை.

அத்தை பெனியின் அப்பாவுக்கு அக்கா. எங்கள் பக்கத்தில் அப்பாவின் அக்கா என்றால் அதற்கு மேல் ஒரு பதவி கிடையாது. அவள் கேட்டதைக் கொடுக்க வேண்டும், சொன்னதைச் செய்ய வேண்டும். ஏன், எதற்கு என்று வாய் திறக்கக் கூடாது. பேண்டைத் தொடங்கியவர் அத்தையின் அப்பா. அதனால் எந்தப் படத்திலும் முன்வரிசையில் நடு நாற்காலி அத்தைக்குத்தான். என்றோ ஒரு வருடம் பெனிக்கு நெஞ்சு பொறுக்காமல், மேளக்காரர் மனைவியிடம் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அந்தப் புண்ணியவதி எல்லோருடைய தலையையும் வெட்டி, கழுத்துக்குக் கீழே மட்டும் எடுத்து வைத்தாள். தலையில்லாத தன் உடம்பைப் பார்த்த அத்தை மூன்று ஞாயிறு யாரோடும் பேசவில்லை.

அடுத்த வருடம் பாய்மரப் படகில் வந்த ஒரு வெள்ளைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் பேண்டை விட்டுவிட்டு மாமரத்தடியில் படுத்திருந்த பன்றிக்குட்டிகளை எடுத்தார். அதோடு அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"டேய் பெனி, இனிமே என் மொகத்த உன்னத் தவிர எவனும் புடிக்கக் கூடாது. என் தலை உன் பொறுப்பு."

அந்தத் தலையை பெனி உயிரைக் கொடுத்து எடுத்த படம் ஒன்று இருந்தது. பழைய பிலிம் காலத்தில் எடுத்தது. அத்தை தாடையை இறக்கி, கண்ணில் கொஞ்சம் சிரிப்போடு, கறுப்பு உடையில் ஒரு ராணி மாதிரி இருப்பாள். தன் சாவுக்குப் பெட்டி முன்னால் வைக்க வேண்டிய படம் அதுதான் என்று அத்தை அன்றே முடிவு செய்துவிட்டாள். பிலிமைப் பூஞ்சை தின்றுவிட்டதால் வேறு பிரதி கிடையாது. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படத்தைக் காட்டி, "என்னைப் பொதைக்கிற அன்னிக்கு இது எங்க இருக்கணும்னு தெரியுமில்ல?" என்று கேட்பாள். எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு டீ கிடையாது.

இதையெல்லாம் பெனி சகித்துக்கொண்டுதான் இருந்தார். ஆக்லாந்தில் இருக்கும் மகள் சியாலே ஒரு நாள் போனில் சொன்னதுதான் அவரைக் கவிழ்த்துவிட்டது.

"அப்பா, நேத்து மாமியார் வீட்டு ஆளுங்க எல்லாம் வந்தாங்க. சுவத்துல பேண்ட் படத்தப் பாத்துட்டு, இதுல உங்க அப்பா எதுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்த சொல்றது? நாற்காலிய காட்டினேன்."

மறுமுனையில் யாரோ சிரிப்பது பெனிக்குக் கேட்டது. "என்னம்மா சிரிப்பு?"

"மாமாதான். ஒங்களுக்கு நாற்காலிச் சம்பந்தின்னு பேரு வெச்சிருக்காரு. சும்மா வெளையாட்டுக்குத்தாம்பா. அவரு தங்கச்சி கூட, ஒங்கப்பா நெசமாவே வாசிப்பாரா, இல்ல சும்மா சொல்றியான்னு..."

பெனி அன்று இரவுச் சாப்பாட்டில் மீனைத் தொடவில்லை. இத்தனை வருடம் தொண்டை கிழிய ஊதியும், சொந்தச் சம்பந்தி வீட்டில் தான் ஒரு நாற்காலி. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கலோ மீனையும் சாப்பிட்டுவிட்டு, "அழாதீங்க. நல்ல நாற்காலிதான் அது" என்று ஆறுதல் சொன்னாள்.

மகளுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த கப்பலில் புதுக் கேமரா ஒன்று வந்தது. அதில் டைமர் இருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு ஓடிப்போய் நின்றுகொண்டால், சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கிப் பத்தாவது விநாடியில் அதுவே எடுத்துக்கொள்ளும். பெனி அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

நேரமும் கூடி வந்தது. புது தேவாலய மண்டபம் கட்டி முடியப்போகிறது, அதன் சுவரில் நிரந்தரமாக மாட்ட பேண்டின் பெரிய படம் ஒன்று வேண்டும் என்று பெலேட்டி போதகர் அறிவித்தார். பேண்டில் பாதிப் பேர் ஆப்பிள் பறிக்க நியூசிலாந்து போகிறார்கள். வழியனுப்பு விருந்து அந்தச் சனிக்கிழமை. அன்று எடுத்தால் உண்டு, இல்லையென்றால் அவர்கள் திரும்பி வரும்போது மண்டபச் சுவரில் பாசி பிடித்திருக்கும்.

சனிக்கிழமை, குழி தோண்டி மூடிய மண்ணடுப்பு திறந்து பன்றிகள் பொன்னிறமாக வெளியே வந்துவிட்டன. வாழையிலை மூடிய தட்டுகள் வரிசையாகக் காத்திருந்தன. பேண்ட்காரர்கள் வெள்ளைச் சட்டையும், மரியாதைக்கு இடுப்பில் சுற்றும் பாயுமாக நின்றார்கள். அத்தை நடுவில், அவளுக்கு வலப்பக்கம் போதகர், இடப்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் அத்தைக்கென்றே வைத்த பன்றித் தட்டு.

பெனி முதலில் பழைய முறையிலேயே, நாற்காலியில் ட்யூபாவோடு, ஒரு படம் எடுத்தார். நன்றாக வந்தது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இப்ப நானும் வரப்போறேன்" என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆனால் ஒரு சங்கடம். அத்தனை பேரும் படத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் முக்காலியைத் தள்ளி, ரோட்டோரத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. பெனி கனத்த ஆள். இடுப்புத் துணி, அதன்மேல் பாய், அதன்மேல் தென்னங்கயிறு. இந்தக் கட்டோடு பிணமாகப் படுக்கலாம், ஓட முடியாது. முதல் தடவை படத்தில் அவர் முதுகு மட்டும் விழுந்தது, அதுவும் பாதி தூரத்தில். இரண்டாவது தடவை பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். வந்து சேர்ந்தும் விட்டார். சேர்ந்தவர் சும்மா இருந்திருக்கலாம். தான் நிஜமாகவே வாசிப்பவன் என்று சம்பந்தி வீட்டுக்குக் காட்ட வேண்டாமா? ட்யூபாவை எடுத்து ஒரு ஊது ஊதினார்.

பன்றிகள் வந்தன. வேலிக்கு அடியில் இருந்தும் துறைப்பக்கத்தில் இருந்தும் குட்டிகளோடு வந்தன. பேண்ட் சிதறியது. படத்தில் விழுந்தது ஒரு பெரிய பன்றியின் காது மட்டும்தான்.

பன்றிகளை விரட்டி, வரிசையை மறுபடி நிறுத்துவதற்குள் எல்லோருக்கும் பசி தலைக்கேறிவிட்டது. பேண்ட் தலைவர் இனோகே கத்தினார், "பெனி, இதுதான் கடைசி. இதுக்கு மேல நின்னா நாங்க நியூசிலாந்து போகவேண்டியதில்ல, நேரா மேல போயிருவோம்!"

"கடைசி, கடைசி!" என்று கையைக் காட்டிவிட்டு பெனி ரோட்டோரத்துக்கு ஓடினார்.

அவர் அங்கே குனிந்து பொத்தானைத் தேடும் நேரத்தில், இங்கே பெலேட்டி போதகருக்கு ஒரு ஞானம் உதித்தது. "பிள்ளைகளே, இவ்வளவு தடங்கல் ஏன் வருதுன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. நாம ஜெபம் பண்ணாம ஆரம்பிச்சுட்டோம்!" என்றார். எங்கள் ஊரில் ஜெபம் பண்ணாமல் படகு இறங்காது, கிழங்கு வேகாது, பல் கூடப் பிடுங்க மாட்டார்கள். எப்படி மறந்தோம் என்று எல்லோரும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்து கண்ணை மூடினார்கள்.

தூரத்தில் இருந்த பெனிக்கு இதெல்லாம் எங்கே கேட்கப்போகிறது? பொத்தானை அழுத்தினார். விளக்கு மினுக்கியது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். ஒரு செருப்பு ரோட்டில் நின்றுவிட்டது. தென்னங்கயிறு அவிழ்ந்து பாய் ஒரு பக்கம் தொங்கியது. வந்து ட்யூபாவை வாரி எடுத்துக்கொண்டு நாற்காலியில் விழப்போகும்போதுதான் பார்த்தார், ஊரே தலையைக் குனிந்திருக்கிறது. "கண்ணத் தொறங்க!" என்று கத்த வாயைத் திறந்தார். ஜெபத்துக்கு நடுவில் எப்படிக் கத்துவது? வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. கிளிக் என்றது கேமரா.

"ஆமென்" என்றார் போதகர். ஆமென் முடிவதற்குள் வாழையிலைகள் பறந்தன. அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தை வரிசையில் நிறுத்த ஆண்டவரால்கூட முடியாது.

திங்கட்கிழமை பெனி டவுனுக்குப் போய் இரண்டு படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தார். நாற்காலிப் படத்தைப் போதகர் கையில் கொடுத்தார். ஜெபப் படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு எழுந்து போக மனமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நடுவில் அவர் மட்டும் முழித்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, ஒரு செருப்போடு, அவிழ்ந்த பாயோடு நின்றார். ஆனாலும் முழு ஆள், கையில் ட்யூபா, பேண்டோடு பேண்டாக. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? அவருக்குச் சந்தோஷத்தில் காது சிவந்துவிட்டது.

"இதத்தான் மண்டபத்துல மாட்டணும்னு போதகர்கிட்ட கேக்கப் போறேன்" என்றார்.

கலோ படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, நீங்க மட்டும் முழிச்சிருக்கல. இங்க பாருங்க."

பெனி குனிந்து பார்த்தார். முன்வரிசை நடுவில் மெலியாமே அத்தை. இரண்டு கண்ணும் அகலத் திறந்திருக்கிறது. வாய் உப்பியிருக்கிறது. இடது கை இன்னொரு துண்டு மொறுமொறுப் பன்றித் தோலை வாய்க்குக் கொண்டுபோகிறது.

இதன் தீவிரம் உங்களுக்குப் புரிய வேண்டும். தேவாலயத்தில் ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்தவர்கள் தலையில் விசிறிக் காம்பால் தட்டுவதே அத்தையின் ஊழியம். போதகரின் மகனே அடி வாங்கியிருக்கிறான். கண்ணை மூடியிருக்கும் அத்தைக்கு யார் திறந்தார்கள் என்று எப்படித் தெரிகிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"கிழிச்சுப் போட்டுருங்க" என்றாள் கலோ.

"நான் இருக்குற ஒரே படம்டி இது."

"அப்ப அவங்ககிட்டயே காட்டிருங்க. வேற யாரு சொல்லியாவது தெரிஞ்சா நம்ம கதி என்ன?"

பெனி காட்டினார். வேறு வழி? அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். விசிறியை மடியில் வைத்தாள், எடுத்தாள்.

"நீ நல்லா ஊதுற மாதிரி இருக்கு" என்றாள் கடைசியில்.

"ஊதல அத்தை. கத்தப் போனேன்."

"இது எனக்கு வேணும்."

அத்தை கேட்டுவிட்டாள். இல்லை என்ற சொல் அந்த உறவில் கிடையாது. "எடுத்துக்கங்க அத்தை" என்றார்.

"அந்த மெஷினுக்குள்ளயும் இருக்குமில்ல? அதையும் குடு."

மகள் அனுப்பிய கேமராவையும் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். அன்று தோட்டத்துக்குப் போய் ட்யூபாவை ஊதவும் இல்லை. பன்றிகள் பாவம், வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போயின. சியாலே போன் பண்ணி, "படம் எப்பப்பா அனுப்புவீங்க? மாமா கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றபோது, "நாற்காலி நல்லாத்தான் வந்திருக்கு, அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கலோவுக்கே தாங்கவில்லை. அன்று அவளே, "வேணும்னா வீட்டுக்குள்ள ஒரு தடவ ஊதிக்கங்க" என்றாள். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார்.

மண்டபத் திறப்பு வந்தது. புதுச் சுவரில் மரப்பட்டைத் துணி மூடிய பெரிய சட்டம் ஒன்று தொங்கியது. சட்டம் தன் செலவு, தானே போட்டுத் தருகிறேன் என்று அத்தை போதகரிடமிருந்து படத்தை வாங்கிப் போயிருந்தாளாம். இருக்கட்டும், நாற்காலிக்கு நல்ல சட்டம் கிடைத்தது என்று பெனி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அத்தை எழுந்து போய்த் துணியை இழுத்தாள்.

சுவரில் இருந்தது ஜெபப் படம். எல்லோரும் தலை குனிந்திருக்க, பெனிசிமானி வாயைப் பிளந்து, ட்யூபாவை அணைத்து, மண்டபம் முழுவதையும் முழித்துப் பார்த்தார். முன்வரிசை நடுவில் அத்தை. உடம்பு சனிக்கிழமை உடம்பு. தலை மட்டும் வேறு தலை. இருபது வயது இளைய தலை, தாடை இறங்கி, கண்ணில் கொஞ்சம் சிரிப்போடு, ராணித் தலை. கத்தரியால் வெட்டிப் பசை போட்டு ஒட்டியிருந்தாள். தோளுக்குப் பொருந்தாமல் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. அதற்குக் கீழே மொறுமொறுத் தோலின் ஒரு முனை பதக்கம் மாதிரி எட்டிப் பார்த்தது.

சிரித்தால் விசிறி. மேளக்காரர் தன் தொப்பியைக் கடித்துக்கொண்டார். அவர் மனைவி குனிந்து செருப்பில் இல்லாத கல்லைத் தேடினாள். பெனிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தத் தலை எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். அத்தை வீட்டுச் சுவரில் இப்போது கழுத்தோடு நின்றுபோன ஒரு கறுப்பு உடைதான் தொங்கிக்கொண்டிருக்கும்.

அத்தை திரும்பி வரும் வழியில் அவர் பெஞ்சருகே நின்றாள். மடியில் கேமராவைப் போட்டாள்.

"ஒம் பொண்ணுக்கு இதப் படம் புடிச்சு அனுப்பு. கலோ எல்லாம் சொன்னா. நாற்காலியாம் நாற்காலி! எங்க வீட்டுப் பிள்ளையப் பாத்து எவன்டா சொன்னது?"

"அத்தை, ஒங்க படம்... ஒங்க சாவுக்கு வெச்சிருந்தது..."

"அதுக்கென்ன இப்ப? நான் சாகறதுக்குள்ள வேற ஒண்ணு எடு. தோல் சாப்பிடாத நேரமாப் பாத்து எடு."

பெலேட்டி போதகர் அவசரமாக "ஜெபிப்போம்" என்றார். அவருக்கும் அந்த நேரத்தில் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருந்தது. மண்டபமே குனிந்தது, ஜெபம் போகப் போக, வரிசை வரிசையாகத் தோள்கள் குலுங்கின. அத்தனை உருக்கமான ஜெபம் எங்கள் ஊரில் அதற்கு முன் நடந்ததில்லை.

பெனியால் பொறுக்க முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று மெல்லக் கண்ணைத் திறந்தார். சுவரில் அவர் இருந்தார். முழு ஆளாக இருந்தார். அப்படியே பார்வையை இறக்கினால், முன்வரிசையில் அத்தை கழுத்தைத் திருப்பி, கண்ணை அகலத் திறந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ண மூடுடா, திருட்டுப் பயலே" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.